சிட்டை இருந்தால் பேரேடு திரும்பும்

ஒரு தரவுத்தளத்தைப் பழைய நிலைக்கு மீட்பது என்றால், அதில் உள்ள விவரங்கள் கடந்துபோன ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எப்படி இருந்தனவோ அப்படியே மறுபடி உருவாக்குவது. வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, ரேஷன் அட்டை, ஆஸ்பத்திரிப் பதிவு எல்லாம் இன்று ஏதாவதொரு தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. வட்டு பழுதாகலாம். மென்பொருளில் பிழை இருக்கலாம். வெளியிலிருந்து யாராவது புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கலாம். இவை எதுவும் நடக்காவிட்டாலும், ஊழியர் ஒருவர் கைதவறி இட்ட கட்டளை ஒரே நொடியில் ஆயிரக்கணக்கான பதிவுகளை மாற்றிவிடலாம். அப்போது கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இது நடப்பதற்கு முன்பு இருந்தபடி கிடைக்குமா?

இரண்டு சர்வர்கள் வைத்திருந்தால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. பல நிறுவனங்களில் முதன்மை சர்வரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் உடனுக்குடன் துணை சர்வருக்கும் போய்ச் சேரும். முதன்மை நின்றுபோனால் துணை அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். இயந்திரக் கோளாறுக்கு இது நல்ல பாதுகாப்பு. மனிதத் தவறுக்கு இது உதவாது. முதன்மையில் ஒரு அட்டவணையை அழித்தால் அந்த அழிப்பும் ஒழுங்காகத் துணைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தவறு நடப்பதற்கு முன்பு எடுத்து, தனியாக ஒதுக்கி வைத்த படிதான் அப்போது கைகொடுக்கும்.

முதலில் சிட்டை, பிறகு பேரேடு

பழைய கடைக் கணக்கில் இரண்டு புத்தகங்கள் உண்டு. அன்றாட வரவு செலவை நடந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டு போவது சிட்டை. அதை ஆள்வாரியாகப் பிரித்து, யாரிடம் எவ்வளவு நிலுவை என்று காட்டுவது பேரேடு. பேரேடு கரையான் அரித்துப்போனாலும், அதன் பழைய நகல் ஒன்றும், நகல் எடுத்த நாளுக்குப் பிந்தைய சிட்டைகளும் இருந்தால் போதும். கணக்குப்பிள்ளை உட்கார்ந்து எழுதிப் பேரேட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்.

தரவுத்தளத்துக்குள்ளும் இந்த இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. பயனர் பார்க்கும் அட்டவணைகள் பேரேடு. ‘லாக்’ என்று கணினித் துறையில் சொல்லப்படுவது சிட்டை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் இதை, முன்கூட்டியே எழுதும் லாக் என்ற பொருளில், ‘வால்’ என்கிறது. மைஎஸ்கியூஎல் ‘பைனரி லாக்’ என்கிறது. ஆரக்கிளில் ‘ரீடூ லாக்’, எஸ்கியூஎல் சர்வரில் ‘டிரான்ஸாக்‌ஷன் லாக்’. உள்ளமைப்பு வேறுபட்டாலும் இவை எல்லாமே நடந்த மாற்றங்களை நடந்த வரிசையில் சொல்பவை.

ஒருவர் தன் கணக்கிலிருந்து 500 ரூபாய் அனுப்புகிறார் என்றால், அந்த மாற்றம் முதலில் லாக்கில் எழுதப்படுகிறது. லாக் வட்டில் பதிந்த பிறகுதான் ‘பரிவர்த்தனை முடிந்தது’ என்ற பதில் வருகிறது. அட்டவணையின் பக்கங்கள் அப்போதைக்கு நினைவகத்தில் மட்டும் மாறியிருக்கும். வட்டில் அவை பிறகுதான் எழுதப்படும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் இயல்பு அமைப்பில் 5 நிமிடத்துக்கு ஒரு முறையாவது இப்படி எழுதுவது நடக்கிறது. அட்டவணைப் பக்கங்கள் வட்டெங்கும் சிதறிக் கிடப்பதால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவற்றைத் தேடிப்போய் எழுதினால் வேகம் குறையும். லாக் என்பது கடைசி வரிக்குக் கீழே அடுத்த வரி. எழுதுவது எளிது.

இடையில் மின்சாரம் போனால், சர்வர் மறுபடி எழும்போது லாக்கைப் படித்து, அட்டவணைக்குப் போகாமல் விட்டுப்போன மாற்றங்களை ஏற்றிக்கொள்கிறது. இந்த மீட்பு முறைக்கு இலக்கணம் வகுத்தவர்களில் முக்கியமானவர் சி. மோகன். சென்னை ஐஐடியில் வேதிப்பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா சென்று, ஐபிஎம் ஆய்வகத்தில் பணியாற்றியவர். அவர் உள்ளிட்ட ஐந்து பேர் 1992-ல் வெளியிட்ட ‘ஏரீஸ்’ என்ற ஆய்வுக்கட்டுரை தரவுத்தளப் பாடங்களில் இன்றும் இடம்பெறுகிறது. அதன் மையக் கருத்து, நடந்ததை நடந்தபடியே மறுபடி நடத்திப் பார்ப்பது. பாதியில் நின்றவற்றையும் சேர்த்து எல்லா மாற்றங்களையும் முதலில் மறுபடி செய்ய வேண்டும். அதன் பிறகு, முடியாமல் போன பரிவர்த்தனைகளை மட்டும் பின்வாங்க வேண்டும்.

மின்தடைக்குப் பின் சில நிமிட லாக்கை வைத்துச் செய்யும் இதே வேலையை, பழைய படி ஒன்றின் மீது சில நாள் லாக்கை வைத்துச் செய்தால் அதுவே பேக்கப்பிலிருந்து மீட்பு. பழைய நிலைக்குத் திரும்புவது என்று பேச்சில் சொன்னாலும் கணினி பின்னோக்கி நடப்பதில்லை. இன்னும் பழைய ஓர் இடத்துக்குப் போய், அங்கிருந்து முன்னோக்கி நடந்து, தவறுக்கு ஒரு அடி முன்பாக நின்றுகொள்கிறது.

படி எடுக்கும் வழிகள்

தொடக்கப் புள்ளியாக வைக்கும் படியை மூன்று விதமாக எடுக்கலாம். முதல் வழி, தரவுத்தளத்திடமே அட்டவணைகளையும் பதிவுகளையும் கட்டளை வடிவில் எழுதித் தரச்சொல்லிக் கோப்பாக வைப்பது. இதை ‘டம்ப்’ என்பார்கள். ஒரே ஒரு அட்டவணையை மட்டும் மீட்பது, வேறு பதிப்புக்கு மாறுவது போன்றவற்றுக்கு இது வசதி. ஆனால் எடுத்த நேரத்தின் நிலை மட்டுமே இதில் இருக்கும். அதன் மீது லாக்கை ஓட்டி முன்னேற முடிவது தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாறும். மைஎஸ்கியூஎல்லில் முடியும், போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் முடியாது. பெரிய தரவுத்தளத்தில் டம்ப்பைத் திரும்ப ஏற்ற மிக நீண்ட நேரம் பிடிக்கும்.

இரண்டாவது, வட்டில் உள்ள கோப்புகளை அப்படியே நகலெடுப்பது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நகல் எடுப்பதால், முதல் கோப்பு 2 மணி நிலையிலும் கடைசிக் கோப்பு 3 மணி நிலையிலும் இருக்கும். தனியே பார்த்தால் கணக்கு ஒட்டாது. அந்த ஒரு மணி நேர லாக்கையும் சேர்த்து ஓட்டினால்தான் எல்லாம் ஒரே நேரத்துக்கு வந்து சேரும். மூன்றாவது, வட்டின் அந்தக் கணத்து நிலையை உறையவைக்கும் ‘ஸ்னாப்ஷாட்’. எடுக்கச் சில நொடிகள் போதும். ஆனால் மூல வட்டிலேயே தங்கும் ஸ்னாப்ஷாட், வட்டு போனால் கூடவே போய்விடும்.

தினமும் முழுப்படி எடுப்பது செலவு என்பதால் வாரம் ஒரு முழுப்படியும், இடைநாட்களில் மாறியவற்றை மட்டும் கொண்ட சிறு படிகளும் எடுப்பது வழக்கம். எந்த வழியானாலும் லாக் கோப்புகள் இடைவெளியில்லாமல் வேறொரு இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இயல்பாக விட்டால் தரவுத்தளம் பழைய லாக்கைத் தனக்குத் தேவையில்லை என்று அழித்து, அந்த இடத்தை மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். எஸ்கியூஎல் சர்வரை எளிய மீட்பு முறையில் வைத்திருந்தால் லாக்கைப் பேக்கப் எடுக்கவே முடியாது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் லாக் 16 மெகாபைட் கோப்புகளாகப் பிரிந்திருக்கும். ஆயிரம் கோப்புகளில் நடுவே ஒன்று காணாமல் போனால் மீட்பு அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பிந்தைய கோப்புகள் எல்லாம் இருந்தும் பயனில்லை.

11 மணி 42 நிமிடத்துக்கு முன்பு

கற்பனையாக ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு முழுப்படி எடுக்கப்படுகிறது. அதற்குப் பிந்தைய லாக் கோப்புகள் வேறொரு சர்வரில் சேர்கின்றன. புதன்கிழமை காலை 11:42-க்கு, கடனைக் கட்டி முடித்த 417-ம் எண் உறுப்பினரின் நிலுவையைப் பூஜ்யமாக்க ஊழியர் ஒரு கட்டளை இடுகிறார். உறுப்பினர் எண்ணைக் குறிப்பிடும் பகுதி கட்டளையில் விடுபட்டுவிட்டது. ‘1 வரிசை மாற்றப்பட்டது’ என்று வரவேண்டிய இடத்தில் திரை ‘8,416 வரிசைகள் மாற்றப்பட்டன’ என்கிறது. சங்கத்தில் இப்போது யாருக்கும் கடன் பாக்கி இல்லை.

முதல் வேலை, புதிதாக எதுவும் எழுதப்படாமல் நிறுத்துவது. கவுன்டரில் பணம் கட்ட வருபவர்களுக்குக் கையால் ரசீது போடலாம். இரண்டாவது, கெட்டுப்போன நிலையில் உள்ள தரவுத்தளத்தையும் அதன் கடைசி லாக்கையும் அப்படியே ஒரு படி எடுத்து வைப்பது. பதற்றத்தில் பலரும் தவறவிடுவது இந்த இடத்தில்தான். இருப்பதன் மீதே பேக்கப்பை ஏற்றிவிட்டு, அந்தப் பேக்கப் சரியில்லை என்று பிறகு தெரியவந்தால் இரண்டும் போய்விடும்.

மூன்றாவதாக, வேறொரு சர்வரில் ஞாயிறு எடுத்த படி ஏற்றப்படுகிறது. அங்கே இப்போது ஞாயிற்றுக்கிழமை. அதன் மீது திங்கள், செவ்வாய், புதன் லாக் கோப்புகள் வரிசையாக ஓட்டப்படுகின்றன. எங்கே நிற்க வேண்டும் என்பதை நேரமாகவும் சொல்லலாம், பரிவர்த்தனை எண்ணாகவும் சொல்லலாம். அதே நொடியில் வேறு நல்ல பரிவர்த்தனைகளும் நடந்திருக்கக்கூடும் என்பதால் எண்ணைச் சொல்வதே துல்லியம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் இந்த வசதியை 2005 ஜனவரியில் வந்த 8.0 பதிப்பில் சேர்த்தது. குறித்த இடத்தில் நின்றதும் தரவுத்தளத்தைப் படிக்க மட்டும் திறந்து சரிபார்க்கலாம். காலையில் அச்சிட்ட நிலுவைப் பட்டியலோடு மொத்தத் தொகை ஒத்துப்போகிறதா? கடைசியாகப் போட்ட ரசீது இருக்கிறதா? இன்னும் கொஞ்சம் முன்னேற வேண்டுமானால் முன்னேறலாம். தவறைத் தாண்டிப் போய்விட்டால் பின்னால் வர வழியில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

கடைசியாக ஒரு முடிவு எடுக்க வேண்டும். மீட்டெடுத்த தரவுத்தளத்தையே முழுதாக நடைமுறைக்குக் கொண்டுவருவது ஒரு வழி. அப்படிச் செய்தால், 11:42-க்கும் வேலையை நிறுத்திய நேரத்துக்கும் இடையே தவணை கட்டியவர்களின் வரவு காணாமல் போகும். ரசீது நகலைப் பார்த்து அவற்றை மறுபடி ஏற்ற வேண்டும். நிலுவைத் தொகை என்ற ஒரு பத்தியை மட்டும் மீட்ட படியிலிருந்து எடுத்து, ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளத்தில் வைப்பது இன்னொரு வழி. அப்போது இடையில் தவணை கட்டியவர்களின் நிலுவையிலிருந்து அந்தத் தவணையை மட்டும் கழித்துச் சரிசெய்தால் போதும். சேதம் ஓர் அட்டவணையோடு நின்றிருந்தால் இரண்டாவது வழி நல்லது. எதெது கெட்டிருக்கிறது என்றே தெரியாவிட்டால் முதல் வழிதான் பாதுகாப்பு.

முழுதாக மாற்றும்போது வரலாறு அந்த இடத்தில் இரண்டாகக் கிளைக்கிறது. 11:42-க்குப் பின் தவறோடு ஓடிய லாக் ஒரு கிளை. மீட்ட பின் இனி எழுதப்படும் லாக் இன்னொரு கிளை. இரண்டும் கலக்காமல் இருக்க, போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஒவ்வொரு மீட்புக்கும் ஒரு புதிய காலக்கோட்டு எண்ணைக் கொடுத்து அதை லாக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைக்கிறது. மீட்பு முடிந்தவுடன் புதிதாக ஒரு முழுப்படி எடுப்பதும் இதனால்தான் நல்லது. அடுத்த மீட்பு பழைய கிளையைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

கிட்லேப்பில் நடந்தது

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்த விபத்து, இதில் எங்கெங்கே கயிறு அறும் என்பதைக் காட்டுகிறது. மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துக் கூட்டாக வேலை செய்யும் தளம் அது. அன்று மாலை திடீரெனக் கூடிய சுமையால் துணைத் தரவுத்தளம் முதன்மையைவிடப் பின்தங்கியது. அது படிக்க வேண்டிய லாக் கோப்புகளை முதன்மை அதற்குள் அழித்துவிட்டிருந்தது. லாக்கைத் தனியே சேர்த்துவைக்கும் ஏற்பாடும் இல்லை. எனவே துணையைக் காலிசெய்து, முதலிலிருந்து நகலெடுக்க வேண்டிய நிலை.

நகலெடுக்கும் கருவி எந்தச் செய்தியும் காட்டாமல் காத்துக்கொண்டே நின்றது. துணை சர்வரின் தரவு அடைவு முழுதாகக் காலியாக இல்லாததுதான் காரணமோ என்று எண்ணிய பொறியாளர் அதை அழிக்கக் கட்டளையிட்டார். ஒன்றிரண்டு நொடிகளில் அவருக்கு உறைத்தது. கட்டளை ஓடிக்கொண்டிருந்தது துணையில் இல்லை, முதன்மையில். சர்வதேசப் பொது நேரப்படி இரவு 11:27-க்கு அதை நிறுத்தியபோது, சுமார் 300 ஜிகாபைட்டில் எஞ்சியது சுமார் 4.5 ஜிகாபைட்.

அடுத்து பேக்கப்பைத் தேடினார்கள். தினமும் டம்ப் எடுத்து அமேசான் சேமிப்பகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தது. திறந்து பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் 9.6 பதிப்பில் ஓட, டம்ப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்கள் உரிய கையொப்பமின்றிப் போனதால் அஞ்சல் சர்வர் அவற்றை ஏற்காமல் தள்ளிவிட்டது. மேகக் கணிமையின் வட்டு ஸ்னாப்ஷாட் வசதி மற்ற சர்வர்களுக்கு இருந்தது, தரவுத்தள சர்வர்களுக்கு இயக்கப்படவில்லை. ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தும் நம்பும்படி ஒன்றும் வேலை செய்யவில்லை என்று நிறுவனமே எழுதியது.

காப்பாற்றியது ஒரு தற்செயல். அன்று மாலை சுமார் 5:20-க்கு, வேறொரு வேலைக்காக அதே பொறியாளர் நடைமுறைத் தரவுத்தளத்தைக் கையால் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துச் சோதனைச் சர்வரில் ஏற்றியிருந்தார். இல்லையென்றால் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை தானாக எடுக்கப்படும் ஸ்னாப்ஷாட் வரை பின்னால் போயிருக்க வேண்டும். சோதனைச் சர்வரின் வட்டு மெதுவானது. வினாடிக்கு 60 மெகாபிட் அளவில்தான் நகல் ஏறியது. நிறுவனம் இந்த வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. தளம் மீண்டும் திறந்தது பிப்ரவரி 1 மாலை.

மீட்டெடுத்ததைத் திறப்பதற்கு முன் எல்லா வரிசை எண்களும் ஒரு லட்சம் கூட்டி நகர்த்தப்பட்டன. காணாமல் போன சுமார் ஆறு மணி நேரத்தில் வழங்கிய எண்கள் வெளியே மின்னஞ்சல்களிலும் இணைப்புகளிலும் இருக்கும். அதே எண்ணைப் புதியவருக்குக் கொடுத்தால் பழைய இணைப்பு வேறொருவரின் பக்கத்தைத் திறக்கும். அந்த ஆறு மணி நேரத்தின் சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. நிரல்கள் வேறு சர்வர்களில் இருந்ததால் தப்பின. லாக் மட்டும் வேறெங்காவது சேர்ந்துகொண்டிருந்தால், அதே மாலை ஸ்னாப்ஷாட்டிலிருந்து அழிப்புக்குச் சற்று முன்பு வரை நடந்து வந்திருக்கலாம்.

எவ்வளவு இழக்கலாம், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்

மீட்பு ஏற்பாட்டை இரண்டு அளவுகளால் எடைபோடுகிறார்கள். எத்தனை நிமிட அல்லது மணி நேர விவரங்கள் போனால் பொறுத்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. எத்தனை நேரத்துக்குள் மறுபடி வேலைக்கு வர வேண்டும் என்பது மற்றொன்று. ஒன்றில் நன்றாக இருப்பது மற்றொன்றில் சறுக்கலாம். 2022 ஏப்ரல் 5 அன்று அட்லாசியன் நிறுவனம், தன் பழைய செயலி ஒன்றை நீக்க ஓடவிட்ட நிரலால் 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்களை முழுதாக அழித்துவிட்டது. நீக்க வேண்டிய செயலியின் எண்களுக்குப் பதில் தளங்களின் எண்கள் கொடுக்கப்பட்டிருந்தன. பேக்கப் நல்ல நிலையில் இருந்தது. அழிவுக்கு ஐந்து நிமிடம் முன்பு வரை மீட்கவும் முடிந்தது. ஆனாலும் சிலருக்குத் தளம் திரும்பக் கிடைக்க 14 நாட்கள் வரை ஆயின. பல வாடிக்கையாளர்களின் விவரங்கள் ஒரே தரவுத்தளத்தில் கலந்திருந்தன. முழுவதையும் பின்னுக்குக் கொண்டுபோனால் பாதிக்கப்படாத மற்றவர்களின் வேலை அழியும். எனவே ஒவ்வொரு தளத்தையும் பிரித்தெடுத்துப் பொருத்த வேண்டியிருந்தது. இத்தனை தளங்களை ஒருசேர மீட்கும் வழிமுறை அதற்கு முன் ஒத்திகை பார்க்கப்பட்டிருக்கவில்லை.

ஒத்திகை

மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், அவற்றில் ஒன்று வெளியூரில் என்ற விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. பணயத் தாக்குதல்கள் பெருகிய பிறகு, வலைப்பின்னலிலிருந்து யாராலும் அழிக்கவோ மாற்றவோ முடியாத ஒரு படியும் தேவை என்று சேர்த்துச் சொல்கிறார்கள். பூட்டி வைத்த படியென்றால் சாவி அதே சர்வரில் இருக்கக் கூடாது.

இவையெல்லாம் இருந்தாலும், பேக்கப் கோப்பு இருக்கிறது என்பதற்கும் அதிலிருந்து மீட்க முடியும் என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை ஒத்திகை மட்டுமே அளக்கும். மாதம் ஒரு முறை, தனிச் சர்வரில், கடைசிப் படியை ஏற்றி, லாக்கை ஓட்டி, முன்கூட்டியே குறித்த ஒரு நேரத்தில் நிறுத்த வேண்டும். அந்தந்த அட்டவணையின் பதிவு எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் அசலோடு ஒப்பிட வேண்டும். ஏற்பாட்டைச் செய்தவரே ஒவ்வொரு முறையும் செய்யாமல், எழுதிவைத்த வழிமுறையை மட்டும் கையில் கொடுத்து வேறொருவரைச் செய்யச்சொன்னால், எழுத விட்டுப்போனவை தெரியவரும். சோதனை முடிந்ததும் அந்தச் சர்வரில் உள்ள உண்மையான வாடிக்கையாளர் விவரங்களை அழித்துவிட வேண்டும்.

ஒத்திகையின் முடிவில் எழுதிவைக்க வேண்டியவை நான்கு: எந்தப் படியிலிருந்து மீட்கப்பட்டது, எந்த நேரம் வரை வந்தது, எவ்வளவு நேரம் பிடித்தது, கணக்கு ஒத்துப்போனதா. இந்த நான்கும் தேதியோடு எழுதியிருக்கும் பக்கம் கையில் இருந்தால், 11:43-க்கு என்ன செய்வது என்று யாரும் யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.